இதில் உங்கள் வாக்கியம் எது?

குவார்ட்டர் எண்ட், ஆடிட், நடுவில் தங்கமணிக்கு முட்டிவலி என்று இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. மன்னிக்கவும். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பெரிய பெண். இன்னும் சரியாகச் சொன்னால், என் செல்போனில் மூன்று நாள் இருந்த ஒரு நம்பர்.

எங்கள் அபார்ட்மெண்டில் நம்மூர்க் குடும்பங்கள் நாலு இருக்கின்றன. அதில் ஒருவர் லிஃப்டில் வரும்போது சொன்னார்: "சார், பையனோட டிசர்டேஷனை எட்டாயிரத்துல முடிச்சுட்டேன். பைண்டிங் உள்பட. ப்ளேஜியரிசம் ரிப்போர்ட்டும் பத்து பர்சண்டுக்குக் கீழே வாங்கிக் கொடுத்துடறான். நம்பர் வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். வீட்டில் பெரியவள் ராத்திரி இரண்டு மணி வரை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம்கூட நகராமல் அழுததைப் பார்த்த அப்பன் நான். "ஏங்க, எல்லாரும்தானே பண்றாங்க, நம்ம பொண்ணு மட்டும் ஏன் கஷ்டப்படணும்" என்று தங்கமணி வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அவள் பொருளாதாரம் ஆனர்ஸ், நாலாம் வருஷம். தில்லிப் பல்கலைக்கழகம் 2022-ல் நாலு வருஷப் பட்டத்தைக் கொண்டுவந்தது. (2013-ல் ஒருமுறை கொண்டுவந்து 2014-லேயே கைவிட்டார்கள். அது தனிக்கதை.) நாடு முழுவதற்குமாக யுஜிசி 2022 டிசம்பரில் ஒரு பாடத்திட்டச் சட்டகம் வெளியிட்டது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவர்கள் நாலாம் வருஷத்தில் ஆராய்ச்சிப் பிரிவை எடுக்கலாம், அதற்கு 12 கிரெடிட்டுக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். என் வயதுக்காரர்கள் எம்.ஃபில். போனால்தான் பார்த்த ஒன்றை இவர்கள் இருபத்தியோரு வயதில் செய்கிறார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருஷம் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால்தான் பகீர் என்கிறது. செமஸ்டர் பரீட்சையில் "நன்மை தீமைகளை விளக்குக". அசைன்மெண்ட் என்றால் நெட்டில் இருந்து எடுத்துக் கொஞ்சம் மாற்றியது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நான் இப்படி நினைக்கிறேன், இன்ன காரணத்தால், இதை மறுப்பவர் இப்படிச் சொல்வார், அவருக்கு என் பதில் இது என்று இரண்டு பக்கம் எழுது என்று இவளை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பேப்பரும் திரும்பி வரவில்லை. நீச்சல் தெரியுமா என்று கேட்காமல் நாலாம் வருஷம் கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள்.

குறை சொல்வதற்கு முன்னால் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். விருதுநகரில் படித்தேன். மூன்று வருஷத்தில் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதியதைத் தவிர என் கருத்து என்று ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் மார்க் குறைந்திருக்கும். பேரேடு, ஐந்தொகை எல்லாம் தெரியும். ஒரு வாதத்தை எப்படிக் கட்டுவது என்று தெரியாது. அது இல்லாமலே வங்கியில் சேர்ந்து, ஆபீசராகி, கிரெடிட் சீட்டிலும் உட்கார்ந்துவிட்டேன்.

2010 வாக்கில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிளையில் இருந்தேன். ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் ஓவர்டிராஃப்ட் லிமிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு தயாரிக்க வேண்டும். வங்கிக்காரர்களுக்குத் தெரியும், இந்த நோட்டுதான் எல்லாம். இன்னாருக்கு இவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று ஒருவர் எழுதி, மேலே இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கும் காகிதம். நான் போன வருஷத்து நோட்டைத் திறந்தேன். ஜவுளித் துறை பற்றிய பாராவை அப்படியே ஒட்டினேன். வியாபாரியின் பின்னணி, அனுபவம், சந்தை நிலவரம், எல்லாம் ஒட்டு. எண்களை மட்டும் மாற்றினேன். சரக்கு அறிக்கையோடு வந்த பாக்கிதாரர் பட்டியலில் மூன்று மாதமாக அதே பெயர்கள், அதே தொகைகள். வசூலாகவில்லை என்று அர்த்தம். பார்த்தேன். அதை எழுதினால் லிமிட்டைக் குறைக்க வேண்டி வரும், மேனேஜர் முகம் சுளிப்பார், டார்கெட் வேறு. எழுதவில்லை. பொய் எழுதவில்லை, கவனியுங்கள். உண்மையை எழுதாமல் விட்டேன்.

அடுத்த வருஷம் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆனது. ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி விசாரணைக்கு வந்த அதிகாரி வயதானவர், ஒடியாக்காரர். கத்தவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "பத்துப் பக்கம் இருக்கிறது. இதில் உங்கள் வாக்கியம் எது?"

புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் "புதுப்பிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது" என்ற வரியைக் காட்டினேன். "அது ஃபார்மட்டில் இருப்பது" என்றார்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பித்தேன். ஆனால் அந்த நம்பர் செல்போனில் இருந்த மூன்று நாளும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் தொகுப்பில் என் பெண்ணின் வாக்கியம் எதுவாக இருக்கும்? முதல் பக்கத்து உறுதிமொழி. "இது என் சொந்த உழைப்பு" என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய வரி! மூன்றாம் நாள் ராத்திரி நம்பரை அழித்துவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். பொருளாதாரத்தில் அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டு படித்துப் படித்து, "இதற்கு ஆதாரம் எங்கே" என்று கேட்கும் வியாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் அவள் தலைப்பு: "இந்தியப் பொருளாதாரத்தில் டிஜிட்டல் பணப் பரிமாற்றத்தின் பங்கு". நான் சிரித்துவிட்டேன், அவள் முறைத்தாள். இதை ரிசர்வ் வங்கி எழுத வேண்டும், அதுவும் வருஷா வருஷம் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. இந்தத் தலைப்பில் கேள்வியே கிடையாது. கேள்வி இல்லாவிட்டால் பதில் கிடையாது, பதில் இல்லாவிட்டால் வாதம் எங்கிருந்து வரும்? அவள் ராத்திரி இரண்டு மணி வரை நகராமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் சோம்பலும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் வண்டியில் ஏறியதுதான்.

அவள் கைடு நல்லவர். அறுபது பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டு இவர்களையும் பார்க்கிறார். அவரும் "சுருக்கு, சுருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எப்படிச் சுருக்குவது என்று உட்கார்ந்து காட்டத்தான் அவருக்கு நேரமில்லை. கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கம் புதன்கிழமை கூடும் வாரச்சந்தையில் வந்து நின்றது. பிரதமர் ஸ்வநிதி திட்டம் தெரிந்திருக்கும். 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்காக வந்தது. முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியம். க்யூஆர் வைத்து வியாபாரம் செய்தால் கொஞ்சம் கேஷ்பேக். (2025 ஆகஸ்டில் முதல் இரண்டு தவணையை 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள்.) க்யூஆர் வழியாகப் பணம் வாங்கும் காய்கறி வியாபாரிக்கு அடுத்த கடன் சுலபமாகக் கிடைக்கிறதா? இது கேள்வி. ஆம் என்பது அவள் துணிபு. கணக்கில் வரவு தெரிகிறது, வங்கி நம்புகிறது. வங்கிக்காரன் பெண்ணல்லவா!

சந்தைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். க்யூஆர் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது கடன் கிடைத்திருந்தது. குதித்துக்கொண்டு எழுதினாள். கைடு ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: க்யூஆர் வைத்திருப்பவர்கள் ஏற்கனவே பெரிய வியாபாரிகளாக இருந்தால்?

அதாவது கடன் கிடைத்தது க்யூஆரினாலா, கடை பெரிது என்பதாலா? என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வரி மூன்று வருஷப் படிப்புக்குச் சமம். இரண்டு விஷயம் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள், பரீட்சையிலும் எழுதியிருக்கிறாள். தன் சொந்த வாக்கியத்தின் மேல் அது வந்து விழும்போதுதான் புரிகிறது. மறுபடியும் சந்தைக்குப் போனாள். இந்த முறை கடையின் அளவு, எத்தனை வருஷமாகக் கடை, வாரத்தில் எத்தனை சந்தை என்று எல்லாம் கேட்டாள்.

அங்கேதான் இன்னொரு சிக்கல். சில வியாபாரிகளின் தள்ளுவண்டியில் தொங்கும் க்யூஆர் அவர்கள் பெயரிலேயே இல்லை. ஒரு அம்மாவுக்கு மகன் பெயரில், இன்னொருவருக்கு மைத்துனன் பெயரில். செல்போன் மகனிடம்தானே இருக்கிறது. விற்பது அம்மா, வரவு மகன் கணக்கில். அந்த அம்மாவின் கணக்கைப் பார்க்கும் வங்கிக்கு வியாபாரமே நடப்பதாகத் தெரியாது!

"அப்பா, இந்த கேஸை எல்லாம் எடுத்துடட்டுமா? ஆர்க்யுமெண்ட் கெட்டுப்போகுது" என்று கேட்டாள். எனக்குப் பாக்கிதாரர் பட்டியல் கண் முன்னால் வந்து நின்றது. அந்த ஜவுளிக் கதையை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுதான் என் சாப்டர்" என்றாள். இப்போது அவள் ஆய்வேட்டின் நடு அத்தியாயமே, க்யூஆர் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆராய்ச்சிக் கட்டுரை என்றதும் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது எல்லாம் வெளிவேஷம்: மார்ஜின் எவ்வளவு, எழுத்துரு என்ன, மேற்கோள் எந்த முறையில், எத்தனை பக்கம். சொல்லிக்கொடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பதில் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னக் கேள்வி. இரண்டு, தனக்கு எதிராக இருப்பதை மறைக்காமல், அதன் முழு பலத்தோடு எழுதி வைத்துவிட்டுப் பதில் சொல்வது. இந்த இரண்டாவதை முதல் வருஷத்திலிருந்தே பழக்க வேண்டும். மாதம் ஒரு பக்கம் போதும்.

இது ஏதோ அமெரிக்கக் கல்லூரிச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு: நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஏழு வகை மதம் சொல்கிறார். பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிறர் கருத்தை ஒப்புக்கொள்வது, மறுப்பது என்பதோடு, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பேசிவிட்டுப் பிறகு களைவது என்று ஒன்று அதில் தனியாக இருக்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணமே நடத்துகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், புகை தெரிகிறதே என்பது ஏது, சமையலறையைப் பார் என்பது எடுத்துக்காட்டு. இந்த மூன்றும் பிசகும் விதங்களைப் போலி என்று வகைபிரித்துச் சொல்கிறார். என் பெண்ணின் முதல் வரைவு அந்தக் கணக்கில் நேராக ஏதுப்போலிதான் :-) நாம் இதையெல்லாம் செய்யுள் பகுதியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு அங்கேயே விட்டுவிட்டோம்.

அடுத்து அந்தப் பத்து சதவீத விவகாரம். யுஜிசி 2018-ல் எழுத்துத் திருட்டுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை ஒரு படி, 40 முதல் 60 வரை அடுத்தது, அதற்கு மேல் பதிவே ரத்து. தொடர்ந்து 14 வார்த்தை வரையிலான பொதுவான விஷயங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். இது வந்ததும் நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன? வார்த்தையை மாற்றிப் போடுவது. மென்பொருள் பார்ப்பது ஒரே மாதிரி வார்த்தை வரிசை இருக்கிறதா என்பதை மட்டும். யோசனை யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? அடுத்தவர் கருத்தை வேறு வார்த்தையில் எழுதிப் பெயர் சொல்லாமல் விட்டால் அது பூஜ்யம் சதவீதத் திருட்டு. என் ஜவுளி நோட்டை அப்போது அந்த மென்பொருளில் போட்டிருந்தால் மாட்டியிருப்பேன். ஆனால் அங்கே நடந்த பெரிய தப்பு, அந்தப் பாக்கிதாரர் பட்டியலை விட்டது, எந்த மென்பொருளிலும் சிக்காது.

எங்கள் அப்பா மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். சிட்டை இல்லாமல் பேரேட்டில் ஒரு வரி ஏறாது. அடிக்குறிப்பு என்றால் என்ன என்று பெரியவள் சலித்துக்கொண்டபோது இதைத்தான் சொன்னேன்: அது வவுச்சர்டா கண்ணு. ஆடிட்டர் வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் அவசியம். அவள் தோழி ஒருத்திக்கு அது ஐந்து ஆய்வுக் கட்டுரைகளின் பெயர் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் பக்கா. அதில் மூன்று உலகத்திலேயே இல்லை. போலி வவுச்சர்! அதை வைத்து எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வாதத்தில் ஓட்டை எங்கே என்று அதனிடம் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் படிக்காத கட்டுரையைப் படித்ததாகக் குறிப்பிடுவது, பார்க்காத சரக்கைக் குடோனில் பார்த்தேன் என்று இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதுவது மாதிரி.

படிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இப்போது எடுபடாது. பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்காவில் இலவசமாக இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் அறிக்கைகள் எல்லாம் அதன் தளத்தில். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா என்று சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளை படிப்பது அப்படிப்பட்ட கல்லூரியா, நூலகத்தில் லாகின் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். என் பெண்ணுக்கு நாலாம் வருஷம்தான் தெரிந்தது.

வேலைக்குப் போகிற பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்று லிஃப்ட் நண்பர் கேட்பார். கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாரும் ஆராய்ச்சியாளர் ஆகப் போவதில்லை. கட்டாயம் என்று ஆக்கிவிட்டு, சொல்லிக்கொடுக்க ஆள் போடாமல் விட்டால், எட்டாயிரம் ரூபாய் ஆசாமிகள் முளைக்கத்தான் செய்வார்கள். அதற்குப் பையனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையனும் ஒரு நாள் ஏதோ ஒரு சீட்டில் உட்கார்ந்து நோட்டு எழுதுவான். வங்கியோ, இன்ஷூரன்ஸோ, சாஃப்ட்வேரோ. அன்றைக்கு அவனுக்கு முன்னால் இருக்கப் போவது வேறொருவர் பணம்.

இங்கிலீஷ் பற்றி ஒன்று. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, கல்லூரியில் இங்கிலீஷ். எழுத வராததற்கு இதுதான் காரணம் என்று நிறையப் பேர் நினைக்கிறோம். என் ஆபீசில் நான் பார்த்த மிகச் சிறந்த நோட்டுகளை எழுதியவர் நாலு வரிக்கு ஒரு இலக்கணப் பிழை விடுவார். ஆனால் அவர் நோட்டைப் படித்தால் ஏன் கொடுக்கிறோம், எங்கே ஆபத்து என்று சந்தேகமே வராது. பெரியவளிடம் நான் சொன்னது, முதலில் சாப்பாட்டு மேஜையில் தமிழில் என்னோடு சண்டை போடு, ஜெயித்தால் அதை இங்கிலீஷில் எழுது. தங்கமணிதான் எதிர்க்கட்சி. "மகன் கணக்குல வந்தா என்ன, வீட்டுக்குத்தானே வருது? பேங்குக்கு என்ன போச்சு?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இவளுக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் பதில் இப்போது மூன்றாவது அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம். நன்றியுரையில் அம்மா பெயர் இருக்கிறதாம். என் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன், "பாக்கலாம்" என்றாள்.

இந்தப் புதன்கிழமையும் சந்தைக்குப் போகிறாள். மகன் பெயரில் க்யூஆர் வைத்திருக்கும் அந்தக் கொத்தமல்லிக்கார அம்மா போன தடவை ஏதோ சொல்ல வந்து, கூட்டம் சேர்ந்ததால் நிறுத்திவிட்டாராம். பை ஒன்று கையில் கொடுத்து, அப்படியே அரைக் கிலோ வெண்டைக்காயும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் தங்கமணி.